கேப்டன் கேபினுக்குப் போன கருவாடு

என் மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால், "வயர்லெஸ்ல ஃபைல் அனுப்பும்போது ஆகுற தாமதத்தைக் குறைக்கணும்ப்பா, அதான் வேலை" என்பான். அதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். ஏசி அறை, மத்தியானச் சாப்பாடு, பிறந்தநாளுக்கு கேக் வேறு. இதே வேலையை நான் எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் பார்த்தேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

அப்போது புதுத் துறைமுகம் திறக்கவில்லை. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. வெகுதூரம் தள்ளி ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். உப்பு, வெங்காயம், பனைநார், கருவாடு எல்லாம் தோணியில் ஏறிப் போய்த்தான் கப்பலைச் சேரும். எந்தத் தோணிச் சரக்கு கப்பலில் எந்தக் கிடங்குக்குள் இறங்க வேண்டும் என்று தினமும் ஒரு பட்டியல் தயாராகும். அதைத் தயாரித்து அனுப்பும் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில்தான் நான் டெம்பரவரி கிளார்க். வயது இருபத்து நான்கு. மீசை அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

முன்பெல்லாம் அந்தப் பட்டியல் மோட்டார் படகில் போகும். அங்கே ஒரு சந்தேகம் வந்தால் அதே படகு திரும்பி வரும். பதிலோடு மறுபடி போகும். அதற்குள் தோணிக்காரர்கள் சமைத்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடுவார்கள். இந்தக் கஷ்டத்தைப் பார்த்து எங்கள் மானேஜர் இரண்டு வயர்லெஸ் செட் வாங்கிப் போட்டார். ஒன்று பீச் ரோட்டு ஆபீசில் என் மேஜை மேல். இன்னொன்று கப்பலில், மோத்தா அண்ணாச்சி கையில்.

மோத்தா அண்ணாச்சி மணப்பாட்டுக்காரர். கப்பல் வந்தால் அது கிளம்பும்வரை அதன் மேல்தட்டிலேயே குடியிருந்து சரக்கை எண்ணி இறக்குவதுதான் அவர் உத்தியோகம். கட்டையான மனிதர், குரல் மட்டும் பெரியது. வயர்லெஸ் இல்லாமலே அவர் பேசினால் கரைக்குக் கேட்கும் என்று ஆபீசில் சொல்வார்கள்.

செட்டில் ஒரு பித்தான் உண்டு. அதை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஆகவே நான் ஒரு வரி வாசித்து, "ஓவர்" என்று சொல்லிப் பித்தானை விடுவேன். அண்ணாச்சி அதை நிதானமாக எழுதிக்கொண்டு, எழுதியதை எனக்கே திருப்பி வாசிப்பார். நான் "சரி" என்பேன். அவர், "ஆச்சு, அடுத்தது" என்பார். பிறகு அடுத்த வரி.

"வெங்காயம், முப்பது மூட்டை, ரெண்டாம் கிடங்கு, ஓவர்."

"வெங்காயம்... இருலே, பென்சில் மொன ஒடஞ்சிட்டு... முப்பது மூட்ட... ரெண்டாம் கிடங்கு."

"சரி."

"ஆச்சு, அடுத்தது."

இப்படியே முழுப் பட்டியலும் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தாடி முளைத்துவிடும். மானேஜர் ஒருநாள் என் மேஜை அருகே நின்று இதை முழுதாகக் கேட்டார். "தம்பி, இதுக்குப் படகே தேவலைடே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்த டிலேயைக் குறைச்சுக் காட்டு. அடுத்த மாசமே ஒன்ன பெர்மனெண்ட் ஆக்குதேன்" என்றார்.

பெர்மனெண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. காரணம், சுகிர்தா.

சாயர்புரத்துப் பெண். எனக்குப் பேசியிருந்தார்கள். நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவையில் அவள் காப்பித் தட்டை நீட்டினாள். நான் டம்ளரை எடுப்பதற்குப் பதில் தட்டோடு வாங்கிக்கொண்டேன். அவள் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவள் அப்பா பொன்னையா வாத்தியார் கறாரான ஆள். "பையன் நல்ல பையன்தான். வேல பெர்மனெண்ட் ஆகட்டும், தேதி வச்சிருவோம். டெம்பரவரிக்குப் பொண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஆக, டிலே குறைந்தால் பெர்மனெண்ட். பெர்மனெண்ட் ஆனால் சுகிர்தா. கணக்கு இவ்வளவு சுத்தமாக எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்து இரண்டு வழி கண்டுபிடித்தேன். முதல் வழி, ஒவ்வொரு வரிக்கும் அண்ணாச்சியின் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. பித்தானை அழுத்திய விரலை எடுக்காமல் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் வாசித்துவிட வேண்டும். இரண்டாவது வழி, ஒரே கிடங்குக்குப் போகிற சரக்குகளுக்கு அந்தக் கிடங்கின் பெயரை ஒரு தடவை மட்டும் சொன்னால் போதும். அதன்பின் வருகிறவற்றுக்கு எல்லாம் "மேற்படி". (இதைத்தான் இப்போது கம்ப்ரெஷன் என்று சொல்லி என் மகன் பவர்பாயிண்ட் காட்டுகிறான்.) என் அறிவை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

அண்ணாச்சியிடம் வயர்லெஸ்ஸில் சொன்னேன். 

"ஏலே, நீ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போனா, நான் கேட்டனா இல்லையான்னு ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

"கேக்கும் அண்ணாச்சி. புது செட்டுலா?"

"செட்டு புதுசு. சரி. நான் பழைய ஆளுலா?"

"நீங்க எழுதிக்கிட்டே வாங்க, போதும். ஒண்ணும் பேசாண்டாம்."

"வாயிருக்க மனுசன பேசாதங்கான்" என்று சலித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மானேஜர் என் கையிலிருந்து செட்டை வாங்கி, "மோத்தா, நாளைக்கு வயர்லெஸ்ல என்ன வருதோ அது அப்பிடியே நடக்கணும். மறுபேச்சுக் கூடாது" என்று உத்தரவு போட்டார். மானேஜர் சொன்னால் அண்ணாச்சி மீற மாட்டார். அந்த உத்தரவைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நானே ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

சோதனை நாளன்று, பொன்னையா வாத்தியார் ஆபீசுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கையில் குடை. டவுனில் ஏதோ ஜோலியாக வந்தாராம். (மாப்பிள்ளை நிஜமாகவே ஆபீசில்தான் இருக்கிறானா என்று பார்க்கிற ஜோலி.) அவருக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார வைத்தேன். பக்கத்து அறையில் மானேஜரும் கப்பல் கேப்டனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் கிரேக்கர். நெடுநெடுவென்று ஒரு ஆள், தாடி, நீலச் சட்டை. ஏதோ கையெழுத்துகளுக்காகக் கரைக்கு வந்திருந்தார்.

வழக்கமாகக் காலை ஒன்பதுக்கே பட்டியலை ஆரம்பித்துவிடுவோம். அன்று நான் ஆரம்பிக்கவில்லை. இவ்வளவு வேகமான முறை கையில் இருக்கும்போது என்ன அவசரம்? மத்தியானம் பன்னிரண்டுக்குச் சற்று முன்பு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "பாத்துக்கிடுங்க மாமா" என்று சொல்லிப் பித்தானை அழுத்தினேன். மாமா என்ற சொல்லுக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அதுவே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

பட்டியலில் முதலில் கேப்டனின் சொந்தச் சாமான்கள். "முட்டை, இரண்டு கூடை, கேப்டன் கேபின். சோடா, நாலு பெட்டி, மேற்படி. மக்ரூன், பெரிய டின் இரண்டு, மேற்படி." அதன்பின் கிடங்குச் சரக்குகள். எடுத்த வேகத்துக்கு நாக்கு எங்கும் தடுக்கவில்லை. நடுவில் மாதா கோயில் மணி அடித்தது. ஜன்னல் வழியாகக் கணீர் கணீரென்று கேட்டது. நான் சத்தத்துக்கு மேல் சத்தம் கொடுத்து வாசித்தேன். விரல் பித்தானை விடவே இல்லை. கடைசி வரி முடிந்ததும், "ஓவர் அண்ட் அவுட்!" என்று முழங்கி, பேட்டரி வீணாகக் கூடாது என்று செட்டையே அணைத்துவிட்டேன்.

"முடிஞ்சிட்டா?" என்றார் வாத்தியார் ஆச்சரியமாக.

"அவ்வளவுதான் மாமா. முன்னால அரை நாள் ஆகும்."

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார். உற்சாகத்தில் வாத்தியாரிடம், "கப்பல் பாத்திருக்கியளா? சாயங்காலம் கேப்டன்கூட நாங்களும் போறோம், நீங்களும் வாங்க. மாப்பிள்ள வேலைய நேர்லயே பாக்கலாம்" என்றார். வாத்தியாருக்கு ஆற்றுத் தண்ணீரே ஆகாது. இருந்தாலும் மாப்பிள்ளை என்று மானேஜரே சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. குடையை இறுகப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார்.

கப்பல் கண்ணுக்குத் தெரிந்தபோது முதலில் நான் கவனித்தது காக்கைகளை. நடுக்கடலில் அத்தனை காக்கை எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கப்பலின் மேல் ஒரு பகுதியில் மட்டும் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. உப்பு ஏற்றிய தோணிகள் எல்லாம் யாரும் கூப்பிடாமல் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு நின்றன. ஒரு தோணியில் சீட்டாட்டம் நடந்தது. பிறகு காற்று திரும்பியது. வாத்தியார் மூக்கை உயர்த்தி, "கருவாடு மாதிரில்லா அடிக்கு?" என்றார். "சரக்கு அதுதான் மாமா" என்றேன் பெருமையாக.

ஏணியில் ஏறி மேலே போனோம். வாசனை எங்களைக் கைப்பிடித்து அழைத்துப் போனது. கேப்டன் தன் கேபின் கதவைத் தள்ளினார். கதவு பாதிதான் திறந்தது. மீதிப் பாதியில் கருவாட்டுச் சிப்பம் இருந்தது.

கட்டில் மேல் கருவாடு. கட்டிலுக்கு அடியில் கருவாடு. அலமாரியைத் திறந்து சட்டைகளை ஒதுக்கி அங்கே கருவாடு. முகம் கழுவுகிற தொட்டியில் நெத்திலி. நாற்காலியில் ஒரு சிப்பம் மேஜையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மேஜையில் கேப்டனின் சம்சாரம் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். கேபின் போதாமல் வெளி நடையிலும், அதற்கடுத்த குளியலறையிலும் ஓலைப்பாய்ச் சிப்பங்கள் வரிசையாக நின்றன. நடுவில் மோத்தா அண்ணாச்சி, வியர்த்து விறுவிறுத்து, "ஒரு சிப்பம்கூடக் கொறையல சார். எல்லாத்தையும் உள்ள ஏத்தியாச்சு. மக்ரூன் டின்ன மட்டும் நசுங்காம மேல வச்சிருக்கேன்" என்றார்.

கேப்டன் பேசத் தொடங்கினார். எனக்குக் கிரேக்க மொழி தெரியாது. அன்று ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

மானேஜர் முகம் எந்த நிறத்தில் இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "மோத்தா! கேப்டன் ரூம்ல கருவாட்ட எவன்யா வைக்கச் சொன்னான்?"

"இந்தா நிக்கான்லா, இவன்தான் சார். மக்ரூன் கேப்டன் கேபின்னான். பொறவு சாளக் கருவாடு மேற்படி, நெத்திலிக் கருவாடு மேற்படி, திருக்கக் கருவாடு மேற்படின்னான். மேற்படின்னா மக்ரூன் போன எடம்தானே?"

"நடுவுல 'முதல் கிடங்கு'ன்னு சொன்னேனே அண்ணாச்சி!" என்று நான் அலறினேன். "உப்பு, பனைநார், வெங்காயம் எல்லாம் சொன்னேனே!"

"அது எனக்கு வரலயேடே. மணி அடிச்சுதுலா? செபம் சொல்லிட்டு இருந்தோம்."

"நடுக்கடல்ல எங்கன அண்ணாச்சி மணி?"

"நீதானலே அனுப்புன!"

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தால் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு எழுந்து நின்று திரிகால செபம் சொல்வார்கள். நாங்கள் புராட்டஸ்டண்ட். எங்கள் சபையில் மணி என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அடிப்பது. அது அடித்தாலும் நாங்கள் மெதுவாகத்தான் கிளம்புவோம். அதனால் இது என் புத்தியில் ஏறவே இல்லை. ஆழக்கடலில் நிற்கிற கப்பலுக்கு அந்த மணி ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் நான் பித்தானை விடாமல் அழுத்தி, திறந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மணியை முழுதாக அனுப்பி வைத்திருந்தேன். அண்ணாச்சி பென்சிலைக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டார். அவரைப் பார்த்துத் தோணிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். அவர்கள் செபம் முடிக்கும்வரை நான் உப்பையும் பனைநாரையும் வெங்காயத்தையும் காற்றுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்.

"மணி அடிக்குலே, நிறுத்துலேன்னு நானும் கத்துனேன். நீ பித்தான விட்டால்லா கேக்கும்? பொறவு கேப்பம்னா செட்டையே அணச்சிட்ட." அவர் குரல் சற்று இறங்கியது. "ஆனா ஒண்ணுடே. கப்பல்ல வந்து கெடந்தா கோயில் மணியே காதுல விழாது. இன்னைக்கு விழுந்துட்டு. நல்லா இருப்ப."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வாழ்த்தியதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரி மோத்தா, ஒமக்கு மூளை இல்லையா? கேப்டன் கட்டில்ல கருவாடு தூங்குமா?" என்று மானேஜர் விடவில்லை.

"மறுபேச்சுக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னிய? அதுவும் போக, நேத்து என் சோத்துல இருந்த நெத்திலிய எடுத்துத் தின்னுட்டு இவரு 'குட், குட்'ன்னாரு. சரி, மனுசனுக்குப் பிடிச்சுப்போச்சு, ஊருக்கு வாங்கிட்டுப் போறாருன்னு நெனச்சேன்."

இதை யாரோ கேப்டனுக்கு இங்கிலீஷில் சொன்னார்கள். அவர் பேச்சை நிறுத்தினார். தாடிக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. பிறகு மேல்தட்டுக்குப் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க நின்றார். அழுகிறார் என்று நான் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மானேஜர் சிரிக்கவில்லை. "இத்தனையும் நீயே எடுத்து மொதல் கிடங்குக்கு மாத்து. பெர்மனெண்டா? அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். நான் முதல் சிப்பத்தைத் தூக்கினேன். என் பரபரப்பில் அது நழுவிக் கடலில் விழுந்தது. காக்கைகள் என்னை மிகவும் பாராட்டின. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இப்பிடித் தூக்குனா விடிஞ்சிரும்."

வாத்தியார். குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, கஞ்சிச் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அவர் கேபினுக்குள் நின்று எடுத்துக் கொடுக்க, நான் வாங்கி அண்ணாச்சியிடம் கொடுக்க, அவர் கிடங்குப் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு சிப்பத்துக்கும் வாத்தியார், "பிடிச்சிட்டீரா?" என்று கேட்பார். நான் "பிடிச்சிட்டேன் மாமா" என்ற பிறகுதான் கையை விடுவார். மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் அதற்குப்பிறகு ஒன்றுகூடக் கடலில் விழவில்லை. கரைக்குத் திரும்பும்வரை அவர் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. கல்யாணம் கடலில் போயிற்று என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

மீதியைச் சுகிர்தா சொல்லித்தான் தெரியும். சாயர்புரம் பஸ்சில் வாத்தியாருக்குப் பக்கத்தில் யாருமே உட்காரவில்லையாம். கண்டக்டர் எட்ட நின்றே டிக்கெட் கொடுத்தாராம். வீட்டு வாசலிலேயே நிறுத்தி அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார்களாம். அவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்த சுகிர்தாவுக்கு விக்கல் வந்துவிட்டதாம். "அப்பா, எத்தன வருசம் ஆனாலும் சரி. இவியளத்தான் கட்டுவேன்" என்றாளாம், விக்கலுக்கு நடுவில். "எனக்கும் பையன் மேல கோவம் இல்ல. ஒருத்தன் மேல கோவப்படணும்னா கொஞ்சமாவது மூச்சு விடணும். நாத்தம் விடலயே" என்றாராம் வாத்தியார்.

மறுநாளே கையில் மெமோ கொடுத்தார்கள். மானேஜர் சொன்னபடி பெர்மனெண்ட் ஒரு வருடம் தள்ளிப்போனது. கல்யாணமும் கூடவே தள்ளிப்போனது. தாமதத்தைக் குறைக்கப் போனவனுக்குக் கிடைத்தது அது. அந்த வருடம் முழுக்க நான் வரிக்கு வரி "ஓவர்" சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மட்டும் மானேஜருக்குத் தெரியாமல் ஜன்னலைத் திறந்து, பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருப்பேன். மணி போய்ச் சேர்ந்ததும் மறுமுனையிலிருந்து, "ஆச்சு, அடுத்தது" என்று குரல் வரும்.

கல்யாணத்துக்கு அண்ணாச்சி மணப்பாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஐயர் (எங்கள் பக்கம் சபைக் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) உடன்படிக்கையை ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் காத்திருந்த அவசரத்தில், ஐயர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போது நான் மூன்றாவதில் இருந்தேன். ஐயர் புத்தகத்தைத் தாழ்த்தி, "தம்பி, நான் சொன்ன பொறவு சொல்லுங்க" என்றார்.

மூன்றாவது வரிசையிலிருந்து, கரைக்கே கேட்கிற அந்தக் குரல் எழுந்தது. "விடாதீங்க சாமி! வரிக்கு வரி வாங்குங்க! இல்லன்னா பொண்ணு கேப்டன் கேபினுக்குப் போயிரும்!"

கோயிலே அதிர்ந்தது. முக்காட்டுக்குள் சுகிர்தாவுக்கு மறுபடி விக்கல் வந்துவிட்டது. எங்கள் கல்யாணப் போட்டோவில் எல்லாரும் நேரே பார்க்க, மணப்பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

போன கிறிஸ்துமஸுக்கு மகன் பெங்களூரிலிருந்து பேத்தியின் வீடியோ ஒன்றை அனுப்பினான். பாதி வந்து நின்றுவிட்டது. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போனைத் தட்டினேன், குலுக்கினேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன். மகன் போனில் கூப்பிட்டு, "ஒண்ணும் பண்ணாதீங்கப்பா, நான் அங்க என்ன பிரச்சினைன்னு பாக்குறேன்" என்று ஏதேதோ விளக்கினான்.

சுகிர்தா என் கையிலிருந்து போனை வாங்கி மேஜையில் வைத்தாள். "பதறாதிய. அந்தப் பக்கம் மணி அடிக்கும்போல. செபத்த முடிச்சிட்டு வரட்டும்" என்றாள்.